பல்லுக்காரர் பார்க்காத கோல்கள்

பல்லுக்காரரிடம் கால்பந்தைப் பற்றி மட்டும் வாய் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மாட்டிக்கொண்டீர்கள். உடைந்த பல்செட்டை ஒட்டவைக்க வந்த ஒரு பெரியவர், பாவம், "நேத்து மேட்ச் பாத்தீங்களா?" என்று ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார். பல்லில்லாத வாயோடு எதிர்ப்பேச்சுப் பேசவும் முடியாமல், மத்தியானம் வரைக்கும் நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போனார். ஒட்டுகிற வேலை என்னவோ பத்து நிமிஷத்து வேலைதான்.

அவருடைய பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிக் காயவைத்து, மேலே மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, நிமிர்த்தி, சாய்த்து, வேகவைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார். மேஜையில் ஒரு சின்ன விளக்கு, நாலைந்து குட்டிக் கத்திகள், ஓயாமல் கிர்ரென்று சுற்றும் அரவை மெஷின். புருவத்திலிருந்து செருப்பு வரைக்கும் வெள்ளைத் தூசி. சுவர் அலமாரி முழுக்க யார் யாருடைய வாய்களோ வரிசையாகத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். "இத்தனை வாய் இருக்கு இங்க. ஒண்ணாவது பேசுதா? இந்த ஒரு ஆளு வாய்தான் மூட மாட்டேங்குது" என்பார் பக்கத்துக் கடைச் சாவிக்காரர். அவரும் பல்லுக்காரர் உயிரை விடுகிற அதே கால்பந்து கிளப்பின் ரசிகர்தான். அதனால்தான் கடையை அங்கேயே வைத்துக்கொண்டு காலம் தள்ள முடிந்தது.

பல்லுக்காரரின் அபிப்பிராயங்கள் எல்லாம் கசப்பானவை. கோல்கீப்பரைப் பற்றிக் கேட்டால், "அவனுக்குக் கை ரெண்டும் எதுக்குங்கறீங்க? ஸ்டேடியத்துல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு டாட்டா காட்ட" என்பார். பின்வரிசை ஆட்டக்காரர்களைக் கேட்டால், "வழி விடுறதுல அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பசங்கள நான் பாத்ததே இல்ல" என்பார். நாட்டு அணியைப் பற்றி வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அதப் பத்தி மட்டும் எங்கிட்டப் பேசாதீங்க" என்று அவர் ஆரம்பித்தால், இனி அதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"கோச்ச மாத்துறாங்க, கேப்டன மாத்துறாங்க, போட்டிருக்கிற சட்டையக்கூட மாத்திட்டாங்க. தோக்குறத மட்டும் மாத்த மாட்டேங்கறாங்களே! கிளப்புங்கறது கூடப் பொறந்தது மாதிரி சார். அடிச்சாலும் புடிச்சாலும் விட்டுட்டுப் போக முடியாது. நாட்டு டீம் எப்பவாவது வீட்டுக்கு வர்ற தூரத்துச் சொந்தம். வருவான், சட்டமா உக்காருவான், நாலு பேரு முன்னாடி நம்ம மானத்த வாங்கிட்டுப் போவான்."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வேடிக்கை என்றுதான் ரொம்ப காலம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த மனிதர், இத்தனை வருஷமாகக் கிளப்புக்காக உயிரை விடுகிற இந்த மனிதர், விவரம் தெரிந்த நாளிலிருந்து கிளப் ஜெயித்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கிளப் ஜெயிக்காமல் இல்லை. ஜெயித்தபோதெல்லாம் இவர் வெளியே நின்றிருந்தார். கண்ணால் பார்த்தது முழுக்கத் தோல்வி. அப்புறம் கோல்கீப்பரைப் பற்றி வேறு எந்த மாதிரி அபிப்பிராயம் வரும்?

எல்லாம் அவருடைய அத்தான் ஆரம்பித்து வைத்தது. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அந்த வீட்டில்தான் முதலில் டிவி வந்தது. ஒரு பெரிய ஆட்டம். கிளப் இரண்டு கோல் பின்னால் இருந்தது. இவர் சிகரெட் பிடிக்கப் படிக்கட்டுப் பக்கம் போன நேரத்தில் கிளப் மளமளவென்று மூன்று கோல் போட்டது. சத்தம் கேட்டு இவர் உள்ளே ஓடி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டில் எதிராளி ஒன்று போட்டுச் சமன் செய்தான். அத்தான் திரும்பி இவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் வெளிய நின்னுக்குறீங்களா?" என்றார். இவர் போய் நின்றார். கிளப் ஜெயித்தது. அவ்வளவுதான், அன்றைக்கே சட்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஆட்ட நாளென்றால் அக்கா வீட்டு மூன்றாவது மாடிப் படிக்கட்டு முகப்புதான் அவருடைய இடம். கைப்பிடியில் சாய்ந்து நிற்பார். சன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியும் யாரோ காயப்போட்ட துணியும் தெரியும். எதிர்வீட்டு அம்மாள் குப்பைக் கூடையோடு கதவைத் திறந்து இவரைப் பார்த்தால், "ஓ, இன்னிக்கு மேட்சா?" என்பாள். காலண்டரே வேண்டியதில்லை.

பார்க்காவிட்டால் என்ன, கேட்கலாம் அல்லவா? அக்காவின் குரல் அப்படிப்பட்ட குரல். நகரப் பேருந்துகளின் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பணிமனையில், வரிசையாக ஓடும் தையல் மெஷின்களுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவள் "போ போ போ" என்றால் பந்து வலதுபக்கம் போகிறது. "அடப்பாவி" என்றால் ஆஃப்சைடு. தொடையில் ஓங்கி அடிக்கிற சத்தம் வந்தால் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் விழுந்தால் கட்டடத்துக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் இவர் உள்ளே போவார். அக்கா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கரண்டிகளையும் உப்பு டப்பாவையும் எடுத்து வைத்து, "இங்க பாரு, இவன் இங்க நிக்கிறான். அந்த மடையன் இங்க" என்று ஒவ்வொரு கோலையும் நகர்த்திக் காட்டுவாள். மறுநாள் பட்டறையில் இவர் சாவிக்காரரிடம் நேரில் பார்த்தவர் மாதிரி அதையே அளந்து விடுவார்.

அக்காதான் இவருக்கு எல்லாம். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா இருந்தும் இல்லாத ரகம். இவரை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே அக்காதான். கோல்கம்பத்துக்குப் பின்னாலிருந்த கூட்டத்தில் எதுவும் தெரியாமல் இவர் அழ, தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க நின்றாள். அன்றைக்கு என்ன ஆயிற்று? கிளப் மண்ணைக் கவ்வியது. "அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும், நான்தான் இல்லாம போயிட்டேன்" என்று அத்தான் கிண்டல் செய்வார்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று பல்லுக்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவருடைய மனைவி ஒருநாள் பிடிபிடி என்று பிடித்தாள். "நீங்க இங்க சோபாவுல உக்காந்தா, எங்கயோ ஓடிட்டிருக்கிறவன் காலு எப்படிங்க தடுக்கும்? படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?" நியாயமான கேள்வி. அன்றைக்கு நாட்டு அணிக்கு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். ஜெயித்தால் முதல் தடவையாக உள்ளே போகலாம். சரி, இன்றைக்குப் பார்த்துவிடுகிறேன் என்று தன் வீட்டில் சட்டமாக உட்கார்ந்தார். ஒரு கோல் முன்னால் இருந்த அணி, கடைசிக் கட்டத்தில் கிடைத்த பெனால்டியை வானத்துக்கு அடித்தது. அடுத்த இரண்டு நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கியது. மனைவி மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பல்லுக்காரர் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒரு நாட்டையே நாசம் பண்ணிட்டேன்க்கா" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் எந்த ஆட்டத்துக்கும் உள்ளே உட்காரவில்லை.

அத்தான் இறந்த பிறகும் சட்டம் போகவில்லை. அக்கா மட்டும் உள்ளே, இவர் வெளியே. அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே அக்கா தனியாகத்தான் உட்கார்ந்து பார்ப்பாள். தனியாகவே கத்துவாள். தனியாக உட்கார்ந்து பார்க்கிறாளே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தம்பி வாசலில்தானே நிற்கிறான் என்று விட்டுவிட்டார்கள். இவரும் அப்படித்தான் விட்டுவிட்டார்.

பிறகு அக்காவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. எத்தனை வருஷத் துணித்தூசியோ, என்ன எழவோ. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், குழாய் போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பதமாகச் சொல்லிக் கை கழுவிவிட்டார்கள். அக்கா மகள் லீவு போட்டுவிட்டு, முன்னறையில் டிவிக்கு எதிரே கட்டிலைப் போட்டாள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொண்டை, கட்டடத்தையே எழுப்பிய அந்தத் தொண்டை, காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. பல்லுக்காரர் தினமும் வேலை முடிந்து தூசியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார்.

அந்த வருஷம் பார்த்துத்தானா கிளப் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போக வேண்டும்? போனது. இவர்கள் இருவரும் இளமையாக இருந்த காலத்துக்கு அப்புறம் இப்போதுதான். அக்கா கையசைத்து அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை நீ உள்ள உக்காரு."

"எதுக்குக்கா வம்பு? ஃபைனல்க்கா இது."

"ஃபைனலா இருக்கிறதாலதான் சொல்றேன்."

"அத்தான் இருந்தா என்னக் கொன்னே போட்டுருவாரு."

"அந்த மனுஷன் போயாச்சு. இப்ப நான் சொல்றேன். உக்காருவியா மாட்டியா?"

"உக்காருறேன்க்கா."

"சும்மா தலையாட்டாத."

"சத்தியமா உக்காருறேன், போதுமா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு வேலை முடிந்தது என்கிற மாதிரி.

மறுநாள் இதைச் சாவிக்காரரிடம் சொன்னார். சாவிக்காரர் அறுத்துக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க என்ன சொன்னீங்க?" "சரின்னுட்டேன்." "என்னங்க நீங்க! உங்க அக்கா பெரிய மனசு, சொல்லத்தான் சொல்லுவாங்க. அத அப்படியே எடுத்துக்குறதா? அவங்க ஆசையெல்லாம் என்ன? கப்பு. கண்ண மூடுறதுக்குள்ள ஒரு கப்பு. அது உங்க கையிலதான் இருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

சாவிக்காரர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பல்லுக்காரரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், யாராவது வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தார். அன்று முழுக்க அவர் நட்ட பல்லெல்லாம் கோணலாகவே உட்கார்ந்தது. சுரண்டிவிட்டுத் திரும்ப நட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கட்டடம் பூராவும் டிவி சத்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்தார் பல்லுக்காரர். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அக்கா மகள் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். அக்கா ஒரு கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியது. எப்படி இருந்தது என்கிறீர்கள்? இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. ஒருமுறை இருவரும் ஒரே நேரத்தில் "ஆஃப்சைடு" என்றார்கள். அக்கா சிரித்தாள், சிரித்து இருமினாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் எதிராளி கோல் போட்டான். கோல்கீப்பர் பந்தைப் பிடித்தும் பிடிக்காமல் உள்ளேயே விட்டான். பல்லுக்காரர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை இறுக்கி மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் வலி. அக்கா மகளுக்கு அது தெரியும், ஒரு நாளைக்குப் பல தடவை பார்க்கிறாள். ஆனால் இவர் அதைக் கோலோடு சேர்த்துக் கணக்குப் போட்டார். என்னால்தான். என் பாவி முகத்தை இங்கே கொண்டுவந்து வைத்ததால்தான்.

இடைவேளை விசில் அடித்ததும் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கடா?"

"சும்மா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்க்கா."

"போகாதடா."

"இதோ வந்துட்டேன்க்கா."

இதோ என்றால் எவ்வளவு நேரம் என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

படிக்கட்டில் போய் நின்றதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "வந்துட்டீங்களா? அப்பாடா! நான் இப்பத்தான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தேன், அவரு வெளிய இல்ல, அதான் வாங்கிட்டாங்கன்னு" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். அவருக்கு அது ஒரு தைரியம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை அக்காவின் குரல் இல்லை. "போ போ போ" இல்லை, "அடப்பாவி" இல்லை. கீழ்மாடியிலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் வந்த கூச்சலை வைத்துத்தான் மட்டுக்கட்டினார். கொஞ்ச நேரத்தில் கட்டடமே அலறியது. சமன்! பல்லுக்காரர் சுவரில் நெற்றியை வைத்து அழாத குறை.

அக்கா மகள் கதவைத் திறந்தாள். "மாமா, அம்மா கூப்பிடுறாங்க. உள்ள வாங்க."

"பாத்தியா? ஒண்ணுக்கு ஒண்ணு! நான் அசைஞ்சா போச்சும்மா."

"மாமா, அது இல்ல, அம்மா வந்து..."

"அம்மாகிட்டச் சொல்லு. ஒன் தம்பி வெளிய நின்னே கப்ப வாங்கித் தந்துருவான்னு சொல்லு. போம்மா, போ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக உள்ளே போகச் சொன்னார். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசி நேரத்தில் விழுந்தது இரண்டாவது கோல். எவன் போட்டான், எப்படிப் போட்டான், ஒன்றும் தெரியாது. தட்டுகளைத் தட்டுகிறார்கள், தெருவில் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன, எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடிக்கிறார். விசிலும் அடித்துவிட்டது. பல்லுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "அக்கா! அக்கா, வாங்கிட்டோம்க்கா!"

டிவி அணைந்திருந்தது. மெஷினின் புஸ் புஸ் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஆஃப் பண்ணீங்க? கரண்ட் போச்சா?"

"இல்ல மாமா. நீங்க எழுந்து போனதுமே அம்மா அணைக்கச் சொல்லிட்டாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அக்கா கண்ணைத் திறந்தாள். இவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஜெயிச்சிட்டாங்களா?"

"ஜெயிச்சிட்டாங்கக்கா. ரெண்டுக்கு ஒண்ணு."

"எப்படிடா போட்டான்?"

"தெரியலக்கா. நான் பாக்கல."

"நானும் பாக்கல" என்றாள் அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ இருந்திருந்தா, தோத்திருந்தாலும் பாத்திருப்பேன்டா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். இவர் டிவியைப் போடப் போனார், திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், இருவருமாகப் பார்க்கலாம் என்றார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். அடுத்த வாரமே அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்த அன்று சாவிக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க. கண் குளிர ஒரு கப்பப் பாத்துட்டுப் போயிருக்காங்க. எந்தத் தம்பி அக்காவுக்கு இதச் செய்வான், சொல்லுங்க?" பின்னாலேயே கண்ணாடிக் கடைக்காரரும் வந்தார், அவரும் அதையே சொன்னார். பல்லுக்காரர் "ம்" என்றார். கோல் எப்படி விழுந்தது என்று ஆளாளுக்கு ஆடிக் காட்டினார்கள். அவர் மெஷினைப் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் கால்பந்துப் பேச்சு நடந்து அவர் வாய் திறக்காத முதல் நாள் அது.

அடுத்த பருவம் தொடங்கியதும் பல்லுக்காரர் தன் வீட்டில் டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார். விசிலிலிருந்து விசில் வரைக்கும், இடைவேளையில்கூட எழுந்திருக்காமல். மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள். ஒருவழியாக மனிதருக்குப் புத்தி வந்தது என்று நினைத்தாள். சாவிக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் பயந்த மாதிரியே கிளப் முதல் ஆட்டத்தைக் கோட்டை விட்டது. இரண்டாவதையும் விட்டது. நாட்டு அணி அவரைக் கைவிடுமா? அதுவும் நன்றாகவே தோற்றது.

அப்போதுதான் அவர் முகத்தில் மனைவி ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மனிதர் நிம்மதியாக எழுந்து போய்ப் படுக்கிறார். எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு வந்தால் முன்னால் சாய்ந்து, அடி, அடி என்று உதட்டுக்குள் முணுமுணுக்கிறார். உயிரை விட்ட கிளப் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! மனைவி கேட்கப் பயந்து விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்றுக்கும் உதவாத ஆட்டம். பட்டியலில் கடைசியில் கிடக்கிற அணியோடு. மைதானத்தில் பாதி இருக்கை காலி, மழைத் தூறல் வேறு. மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல்லுக்காரர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் ஒரு பொடியன், பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது, இரண்டு பேரை விலக்கிக்கொண்டு போய்ப் பந்தை மூலையில் தட்டிவிட்டான். கோல். பல்லுக்காரர் அசையவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, சமன் செய்வான், செய்யாமல் எங்கே போவான் என்று காத்திருந்தார். எதிராளி இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் நம் கோல்கீப்பர், அந்த டாட்டா காட்டுகிறவன், பாய்ந்து பிடித்தான். அப்படி ஒரு பிடியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. விசில் அடித்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டு சாவகாசமாக உள்ளே போனார்கள்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அக்கா போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் ஓடிவந்தாள்.

"என்னங்க, என்னாச்சு? ஜெயிச்சிட்டாங்கதானே? இதுக்குப் போயா அழுவாங்க?"

அவர் டிவியைக் கையால் காட்டினார்.

"நான் இங்கதான் உக்காந்திருந்தேன்" என்றார். "நீ பாத்தல்ல? எழுந்திருக்கவே இல்ல. நான் உக்காந்திருந்தும் ஜெயிச்சிட்டாங்களே. அப்ப அன்னிக்கும்..."

மனைவிக்குப் புரிந்தது. அவள் டிவியை அணைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.